பிடித்து வைத்த இடம்

பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணி,

வாலு எழுதுகிறேன். ஊர் வந்து சேர்ந்துவிட்டேன், பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. வீட்டுக்காரருக்குச் சளி, எனக்கு முதுகு வலி, மற்றபடி இரண்டு பேரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? பொய் சொல்லக் கூடாது.

போன் பண்ணாமல் கடிதம் எழுதுகிறாளே என்று நினைக்காதீர்கள். நேற்று போனில் என்ன பேசினோம், சொல்லுங்கள் பார்ப்போம். நீங்கள் மூக்கைச் சிந்தினீர்கள், நான் மூக்கைச் சிந்தினேன், "சரி, வச்சிடட்டுமா" என்று வைத்துவிட்டோம். கடிதத்தில் அழுதால் எதிராளிக்குக் கேட்காது. அதனால் இனிமேல் இப்படித்தான்.

நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அண்ணன் முகத்தைக்கூடப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தவர் நிமிரவே இல்லை என்று நீங்கள் சொன்னதிலிருந்து எனக்கு ஒரே கேள்விதான் மண்டையைக் குடைகிறது. இங்கே குனிந்தவன் எங்கே போய் நிமிர்ந்திருப்பான்?

எனக்கு ஒன்று மட்டும் நிச்சயம். எங்கே போய் நிமிர்ந்திருந்தாலும் முதல் வேலையாக உங்களுக்கு ஓர் இடம் பிடித்திருப்பான். பஸ் நிற்பதற்கு முன்னாலேயே ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போடுகிறவன் அல்லவா? சினிமா தியேட்டரில் ஒரு நாற்காலிக்குக் கைக்குட்டை, இன்னொன்றுக்கு மூக்குக் கண்ணாடிக் கூடு. ஆஸ்பத்திரி வராந்தாவில்கூட விட மாட்டான். அவனோடு போய் நான் நின்றதாக எனக்கு ஞாபகமே இல்லை. அங்கேயும் நல்ல ஜன்னல் ஓரமாகப் பார்த்துக் கைக்குட்டையைப் போட்டுவிட்டு, "ஆள் வருதுங்க, ஆள் வருதுங்க" என்று வருகிறவர்களையெல்லாம் விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நீங்கள் அவசரப்படாமல் மெதுவாகப் போய்ச் சேருங்கள். அந்த இடம் எங்கும் போகாது.

தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
வாலு

மார்ச் 3

அன்புள்ள வாலு,

சாப்பிடுகிறேன். இதில் பாதி பொய். உன் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். வீட்டுக்காரரை மிரட்டாமல் சொல்.

எனக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தினேன். மறுநாள் சுவர்ப் பக்கம். இப்போது அறைக்கு நடுவில் கிடக்கிறது, சுற்றி நடக்க வசதியாக. சோற்றை நின்றுகொண்டுதான் சாப்பிடுகிறேன். கடைக்கு மறுபடி போக ஆரம்பித்துவிட்டேன். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது நின்று செய்கிற வேலை என்பதால் பிழைத்தேன்.

பஸ்ஸிலும் அதே கதைதான். முழு பஸ்ஸும் காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நேற்று டிரைவர் தலைக்கு மேலிருக்கிற கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, சீட்ல முள்ளா இருக்கு?" என்று கேட்டார்.

நீ எழுதிய கைக்குட்டைக் கதை எனக்கு ஆறுதலாக இருந்தது. அவர் பிடித்த இடத்தில் நான் உட்கார்ந்த லட்சணம் தனிக் கதை, அது இன்னொரு நாள். ஆனால் எனக்கு ஒரு கவலை. அவரை அனுப்பி வைக்கும்போது யாரோ முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார்கள். நானும் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறவள், சொந்தப் புருஷனை வெறுங்கண்ணோடு அனுப்பிவிட்டேன். அது இல்லாவிட்டால் அவருக்கு நாலடிக்கு மேல் எல்லாமே புகைமூட்டம் என்று உனக்கே தெரியும். நான் போய் நின்றால் எப்படி அடையாளம் தெரியும்?

அது என்ன மாதிரி இடம், வெளிச்சம் எப்படி, கூட்டம் எப்படி என்று யோசித்து எழுது. சும்மா ஆறுதலுக்கு எழுதாதே. எனக்கு விவரம் வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
அண்ணி

மார்ச் 20

அன்புள்ள அண்ணி,

முதுகு தேவலை. சளி அவரை விட்டு எனக்கு வந்துவிட்டது. நீங்கள் நின்றுகொண்டு சாப்பிட்டால் சாப்பாடு காலில்தான் இறங்கும், உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

விவரம் கேட்டீர்கள், இதோ. எனக்குத் தெரிந்த உலகம் நான் வேலை பார்க்கிற ஓட்டலின் சலவை அறைதான், அதனால் அந்த உலகமும் சலவை அறைதான். போய் இறங்கியதும் ஒரு நீள மேசை. மேசைக்குப் பின்னால் என்னைப் போல ஒரு சிடுமூஞ்சி. அவரவர் வாழ்ந்த நாட்களை மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்து வைக்க வேண்டும். அவள் ஒவ்வொன்றாகப் பிரிப்பாள்.

"இது என்ன கறை?"

"கோபங்க."

"பழசா?"

"பழசுதான்."

"ஊற வைக்கணும். நாளாகும், போய் உட்காருங்க."

நரகம் நரகம் என்று பயமுறுத்துகிறார்களே, அது இந்த ஊற வைக்கிற தொட்டிதான். எல்லோருக்கும் கொஞ்ச நாள் உண்டு. சொர்க்கம் எது தெரியுமா? உலர்ந்து சூடாக வெளியே வருகிற துண்டு. இத்தனை வருஷ வேலையில் அதில் முகத்தைப் புதைக்காத ஆளை நான் பார்த்ததில்லை, எங்கள் மேனேஜர் உட்பட.

அண்ணன் மூட்டை சீக்கிரம் முடிந்திருக்கும். கறை என்று பார்த்தால் மை, சாம்பார் இரண்டுதான். வெளியே காத்திருக்கிறவர்களுக்கு ஒரு பெஞ்சு போட்டிருக்கிறார்கள். அதில் தான் ஒரு பக்கம், கைக்குட்டை ஒரு பக்கமாக உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறான். கண்ணாடியைப் பற்றிக் கவலையே வேண்டாம். அங்கே எல்லோருக்கும் புதுக் கண் கொடுத்துவிடுகிறார்கள். நீங்கள் இங்கே கட்டிலை நகர்த்துவதுகூட அவனுக்குப் பளிச்சென்று தெரியும். "இவளுக்கு என்ன ஆச்சு" என்று பக்கத்து ஆளிடம் புலம்புவான்.

வெயில் ஏறுகிறது, தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

உங்கள்
வாலு

மே 8

அன்புள்ள வாலு,

பதில் தாமதமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் சளி போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

தொட்டி நன்றாக இருக்கிறது, பெஞ்சும் இருக்கட்டும். அந்தப் புதுக் கண்ணை மட்டும் எடுத்துவிடு. ஒரு மனுஷி வீட்டுக்குள் எப்படியெல்லாமோ இருப்பாள். தலை வாராமல் இருப்பாள், காரணமில்லாமல் சிரிப்பாள். அதையெல்லாம் ஒருவர் மேலே இருந்து பார்த்துக்கொண்டே இருந்தால் எப்படி? உன் கடிதம் வந்த அன்று விளக்கை அணைத்துவிட்டுத்தான் புடவை மாற்றினேன். எனக்கே அசிங்கமாக இருந்தது.

நானும் யோசித்தேன். எனக்குத் தோன்றியது வேறு மாதிரி. ஓர் இருட்டு அறை, எதிரே வெளிச்சமாக ஒரு பலகை. அந்தப் பலகையில் எழுத்துக்குப் பதிலாக நாம் வாழ்ந்தது தெரியும். யாரோ பக்கத்தில் நின்று லென்ஸை மாற்றி மாற்றிப் போடுவார்கள். "இதுவா, அதுவா? எது தெளிவா இருக்கு?" முதல் லென்ஸில் பார்த்தால் நாம் போட்ட சண்டையில் நம் பக்கம் நியாயம் தெரியும். அடுத்ததில் எதிராளி பக்கம் தெரியும். எது தெளிவு என்று நாமேதான் சொல்ல வேண்டும். சரி, தப்பு என்று யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். எனக்கு அதுதான் பயம். கடையில் பாதிப் பேர் "ரெண்டும் ஒண்ணாத்தாங்க இருக்கு" என்பார்கள். நானும் அங்கே அப்படிச் சொல்லிவிட்டு முழித்துக்கொண்டு நிற்பேன்.

முள்ளா என்று கேட்ட டிரைவர் ஒரு நாள் கடைக்கு வந்தார். கண்ணாடியில் காதில் மாட்டுகிற கம்பியின் திருகு கழன்றிருந்தது. முடுக்கிக் கொடுக்கும்போது பேச்சுவாக்கில் கேட்டுப் பார்த்தேன். அவர் மனைவி போய் ஆறு வருஷமாம். செத்த பிறகு என்ன இருக்கும் என்று அவர் ரொம்ப யோசிக்கவில்லை. "கடைசி ஸ்டாப்ல எல்லாரும் எறங்கினப்புறம் இன்ஜினை ஆஃப் பண்ணுவேன் பாருங்க, அப்ப ஒரு அமைதி வரும். அதான்னு நெனைக்கிறேன்" என்றார். அவ்வளவுதான். எனக்கு அது பிடித்திருந்தது.

நீ என்ன நினைக்கிறாய்? உன் கை வெடிப்புக்கு மருந்து போடு, சோப்புத் தண்ணீர் பொல்லாதது.

உன்
அண்ணி

ஜூன் 2

அன்புள்ள அண்ணி,

எல்லோரும் சௌக்கியம். மருந்து போட்டேன், எரிகிறது, உங்களைத் திட்டிக்கொண்டே போட்டேன்.

டிரைவர் சொன்னது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் ஓர் ஓட்டை. கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினாலும் அண்ணன் இறங்க மாட்டானே! "எங்க வீட்டம்மா வரணுங்க" என்று கைக்குட்டையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். டிரைவர் ஹாரன் அடித்தாலும் அசைய மாட்டான். இன்ஜினை ஆஃப் பண்ணினால் என்ன, பஸ்ஸையே கழற்றி எடுத்துப்போனாலும் அந்த சீட்டு மட்டும் அங்கே இருக்கும், அதில் அவன் இருப்பான்.

சிரிக்காதீர்கள். எனக்கு இது விளையாட்டு இல்லை. கடைசியாக ஒரு தடவை முகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த முகமாவது இருக்கிறது. எனக்கு என்ன இருக்கிறது? காலையில் முதல் மூட்டையைப் பிரிக்கும்போது அந்த பெஞ்சை நினைத்துக்கொள்கிறேன். ஆள் உட்கார்ந்திருக்கிறான், எங்கும் போய்விடவில்லை என்று நினைத்தால்தான் எனக்குக் கை ஓடுகிறது. நீங்கள் ஒருநாள் போய் அவன் பக்கத்தில் உட்கார்வீர்கள், அப்புறம் நான் வருவேன், எனக்கும் கண்ணாடிக் கூட்டைப் போட்டு வைத்திருப்பான்.

புதுக் கண்ணைப் பற்றி: சரி, எடுத்துவிட்டேன். ஆனால் கண் தெரியாவிட்டாலும் உங்கள் காலடிச் சத்தம் அவனுக்குத் தெரியும்.

இப்போதாவது உட்கார்கிறீர்களா?

உங்கள்
வாலு

ஆகஸ்ட் 17

அன்புள்ள வாலு,

நலமாக இருக்கிறேன். நீங்கள் இருவரும் நலம்தானே?

உன்னிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். எனக்காக இல்லை. எங்கள் கடையில் பில் போடுகிற பெண்ணை உனக்குத் தெரியும். அவளும் என்னைப் போலத்தான், புருஷன் தவறிவிட்டார். இப்போது ஒருவர் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்கிறார். நல்ல மனுஷர், அதிகம் பேசாதவர். இவளுக்கும் மனசில்லாமல் இல்லை. ஆனால் ராத்திரி படுத்தால் தூக்கம் வருவதில்லையாம். நீ எழுதியதையெல்லாம் நான் அவளிடம் சொல்லியிருந்தேன், அது அவளைப் பிடித்துக்கொண்டது. முதல் புருஷன் அங்கே இடம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், இவள் இன்னொருவரோடு போய் எந்த முகத்தோடு நிற்பாள் என்கிறாள். யார் பக்கத்தில் உட்கார்வாள்? உட்காராமல் போனால் அவர் அந்தக் கைக்குட்டையை என்ன செய்வார்? மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வாரா? அந்தக் காட்சியை நினைத்தால் எழுந்து விளக்கைப் போட்டுவிடுகிறாளாம்.

நீ இதில் தேர்ந்தவள். யோசித்து எழுது.

மழைக்காலம், குடையில்லாமல் வெளியே போகாதே.

உன்
அண்ணி

செப்டம்பர் 21

அன்புள்ள வாலு,

என் கடிதம் கிடைத்ததா? உடம்பு சரியில்லையா? வீட்டில் யாருக்காவது ஏதாவதா? இரண்டு வரி போட்டால் போதும்.

அந்தப் பெண் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். கடைசியில் நானே, "வேண்டாம்னு சொல்லிடு, அதுதான் நிம்மதி" என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டாள். நிம்மதி வந்த மாதிரி தெரியவில்லை.

நான் இப்போது கடைக்கு நடந்துதான் போகிறேன். பஸ் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நடந்தால் காலுக்கு நல்லது.

பதில் போடு.

உன்
அண்ணி

அக்டோபர் 12

அண்ணி,

இரண்டு கடிதமும் கிடைத்தன.

உங்கள் கடையில் பில் போடுகிற பெண்ணுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. நான் உங்கள் வீட்டில் இருந்தபோது துக்கம் கேட்க வந்தவள், என் பக்கத்தில் உட்கார்ந்து தனக்கு மாப்பிள்ளை பார்க்கிற கதையை ஒரு மணி நேரம் அளந்தாள். பொய் சொல்ல உங்களுக்கு வராது. ஏன் இந்த வேண்டாத வேலை?

அந்த டிரைவரின் கண்ணாடி இப்போது எப்படி இருக்கிறது? திருகு நிற்கிறதா?

மே மாதக் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். "எனக்கு அது பிடித்திருந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணன் சொன்ன எதையும் பிடித்திருந்தது என்று நீங்கள் சொல்லி நான் கேட்டதில்லை, "போதும் நிறுத்துங்க" என்றுதான் கேட்டிருக்கிறேன். ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அண்ணி. அவன் சட்டைகள் இன்னும் அலமாரியில் தொங்கிக்கொண்டிருக்கும். எனக்குக் கோபமாக வருகிறது. கோபப்பட எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை, ஆனால் வருகிறது. அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது.

நீங்கள் போகாவிட்டால் அவன் பக்கத்தில் யார் உட்கார்வார்கள்?

வாலு

அக்டோபர் 25

அன்புள்ள வாலு,

உன் கடிதத்தில் முதல் தடவையாக நான் சாப்பிட்டேனா என்று நீ கேட்கவில்லை. சாப்பிட்டேன்.

உனக்கு உரிமை இருக்கிறது. மறைத்தது என் தப்பு, அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. அந்த டிரைவரின் பஸ்ஸில் நான் நின்றுகொண்டு போனேன், அவர் கேட்டார், நான் ஒருநாள் ஏன் என்று சொன்னேன். திருகு ஒரு தடவைதான் கழன்றது. அடுத்த தடவைகள் அவரே கழற்றிக்கொண்டு வந்தார், எனக்குத் தெரியும். தெரிந்தும் முடுக்கிக் கொடுத்தேன். ஆகஸ்டில் கேட்டார். "நீங்க உக்காந்து வந்தா எனக்கு வண்டி ஓட்ட நிம்மதியா இருக்கும். வீட்லயும் அப்படியே" என்றார். அவருக்குக் கல்யாணம் கேட்கத் தெரிந்த விதம் அது.

உன் அண்ணனை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று உனக்கு நான் எழுத வேண்டுமா? "போதும் நிறுத்துங்க" என்று சொன்னதெல்லாம் அவர் நிறுத்த மாட்டார் என்ற தைரியத்தில்தான். இப்போது அந்த வீட்டில் யாரும் எதையும் ஆரம்பிப்பதில்லை, நான் நிறுத்தச் சொல்ல. கட்டிலை இன்னும் நகர்த்திக்கொண்டிருக்கிறேன்.

நீ நிம்மதியாக இரு. நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒருவர் எனக்காக எங்கேயோ கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும்போது, நான் இங்கே நிம்மதியாக உட்கார முடியாது. எங்கே உட்கார்ந்தாலும் அது இன்னொருவர் பிடித்த இடத்தில் உட்கார்வது போலத்தான் இருக்கிறது. உன் அண்ணன் காத்திருக்கட்டும், நான் நடந்தே வருகிறேன். அது முடிந்த பேச்சு.

உன் கை எப்படி இருக்கிறது?

உன்
அண்ணி

ஜனவரி 6

அன்புள்ள அண்ணி,

சாப்பிட்டீர்களா? தூங்குகிறீர்களா? முழங்கால் எப்படி இருக்கிறது, இந்தக் குளிரில் அவ்வளவு தூரம் நடக்கிறீர்களே? கேட்காமல் விட்டதற்கெல்லாம் சேர்த்துக் கேட்கிறேன். என் கை ஆறிவிட்டது. வீட்டுக்காரர் உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் கோபம். முதல் மாதம் உங்கள் மேல், அப்புறம் அந்த டிரைவர் மேல், அப்புறம் யார் மேல் என்று தெரியாமல் எங்கள் மேனேஜர் மேல். போன வாரம் ஒன்று நடந்தது. வேலைக்குப் போகிற பஸ்ஸில் எனக்காகப் பக்கத்து மேசைக்காரி பையைப் போட்டு இடம் வைத்திருந்தாள். காலில் மாவுக்கட்டு போட்ட ஒருவர் எனக்கு முன்னால் ஏறினார். "ஆள் வருதுங்க" என்றாள் அவள். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நான் ஏறி அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் அவர் காலைப் பார்த்தேன். அடுத்த நொடி சட்டென்று எழுந்து நின்றேன்.

ஏன் தெரியுமா? வேலைக்குச் சேர என்னை முதல்முதலாக இந்த ஊருக்குக் கொண்டுவந்து விட நீங்கள் இரண்டு பேரும் வந்தீர்களே, அந்தப் பயணம் ஞாபகம் வந்தது. அண்ணன் முண்டியடித்து மூன்று இடம் பிடித்தான். என்னை உட்கார வைத்தான். உங்களுக்காகப் பிடித்த ஜன்னல் ஓரத்தை, தடி ஊன்றி வந்த ஒரு தாத்தாவுக்குக் கொடுத்தான். தன் இடத்தைக் கைக்குழந்தைக்காரிக்குக் கொடுத்தான். ஊர் வரும் வரைக்கும் நீங்கள் இருவரும் நின்றுகொண்டே வந்தீர்கள். நீங்கள் அவனை முறைத்தீர்கள், அப்புறம் சிரித்தீர்கள், அப்புறம் அவன் தோளில் சாய்ந்து நின்றுகொண்டே தூங்கினீர்கள். "அவர் பிடித்த இடத்தில் நான் உட்கார்ந்த லட்சணம்" என்று நீங்கள் எழுதியது இதுதானே? நான் உட்கார்ந்து வந்தவள், அதனால்தான் எனக்கு மறந்துபோயிருக்கிறது.

யோசித்துச் சொல்லுங்கள் அண்ணி. அவன் உங்களுக்குப் பிடித்து வைத்த இடத்தில் நீங்கள் எத்தனை தடவை உட்கார்ந்திருக்கிறீர்கள்? இடம் பிடிப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. நிற்கிற ஒருவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மட்டும் அவனால் ஆகாது. தியேட்டரிலும் அப்படித்தான் ஆகியிருக்கும், ஆஸ்பத்திரி வராந்தாவிலும் அப்படித்தான் ஆகியிருக்கும்.

அதனால் நான் எழுதியதெல்லாம் தப்பு. அந்த பெஞ்சும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த ஊரில் வந்து இறங்குகிறவர்கள் எல்லோரும் களைத்துப்போய்த்தானே வருவார்கள்? முதல் நாளே எவளோ ஒருத்தி மூட்டையோடு வந்து நின்றிருப்பாள். "ஆள் வருதுங்க" என்று ஆரம்பித்திருப்பான், பாதியில் நிறுத்திவிட்டு, "பரவால்ல, உக்காருங்க" என்று கைக்குட்டையை எடுத்திருப்பான். உங்கள் இடம் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடி இல்லாமல், பக்கத்தில் நிற்கிறவனிடம் ஏதோ கதை அளந்துகொண்டு நிற்கிறான். நீங்கள் என்றைக்குப் போனாலும் அவன் பக்கத்தில் போய் நிற்கத்தான் போகிறீர்கள். உங்களோடு இன்னொருவர் வந்தால் அவரும் நிற்கட்டும். உட்காரத்தான் இடம் அளவாக இருக்கும், நிற்க எவ்வளவு பேருக்கு வேண்டுமானாலும் இடம் உண்டு.

இதை எழுத எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். அவனை அங்கே உட்கார வைத்தது உங்களுக்காக இல்லை, எனக்காகத்தான். நீங்கள் அதைச் சுமந்துகொண்டு ஒரு வருஷம் நின்றிருக்கிறீர்கள். போதும் அண்ணி. முழங்கால் என்னத்துக்கு ஆகும்?

அப்புறம், அந்த மனுஷர் டிரைவர் என்பது எனக்கு ஒரு வகையில் திருப்தி. அவர் நினைத்தாலும் தன் சீட்டை யாருக்கும் விட்டுக் கொடுக்க முடியாது.

நீங்கள் யாரைக் கட்டிக்கொண்டாலும் எனக்கு அண்ணிதான். அதில் மாற்றம் இல்லை.

உங்கள்
வாலு

ஜனவரி 22

அன்புள்ள வாலு,

முழங்கால் வலிக்கிறது, நேற்று வரைக்கும் சொல்லாமல் இருந்தேன். உன் வீட்டுக்காரரை நானும் கேட்டேன் என்று சொல்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் எண்ணிப் பார்த்தேன். ஒரு தடவை உட்கார்ந்திருக்கிறேன். எனக்குக் காய்ச்சல் என்று டாக்டரிடம் போனபோது. அப்போதும் அவர் சுற்றி யார் நிற்கிறார்கள் என்று தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், நான்தான் அவர் கையைப் பிடித்து இழுத்து வைத்திருந்தேன். சிரிப்பு வந்தது. சத்தமாகச் சிரித்தேன். அப்புறம் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதேன். எழுந்து பார்த்த பிறகுதான் உட்கார்ந்திருந்தது தெரிந்தது.

கட்டிலை மறுபடி ஜன்னல் பக்கம் போட்டுவிட்டேன். அது அங்கேயே இருக்கட்டும்.

இன்று காலையில் பஸ்ஸில் போனேன். டிரைவர் என்னைக் கண்ணாடியில் பார்த்தார். நான் அவருக்குப் பின்னால், ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தேன். வண்டி கொஞ்ச நேரம் கிளம்பவில்லை. பின்னால் யாரோ, "என்னங்க, எடுங்க" என்று சத்தம் போட்டார்கள். அப்புறம்தான் எடுத்தார்.

உட்கார்ந்ததும் என்ன செய்தேன் தெரியுமா? பைக்குள்ளிருந்து உன் அண்ணனின் கைக்குட்டையை எடுத்துப் பக்கத்து இடத்தில் போட்டேன். ஏன் போட்டேன் என்று கேட்காதே. அவரோடு வாழ்ந்த கை, அதுவாகப் போட்டது. இரண்டு நிறுத்தம் வரைக்கும் அது அப்படியே கிடந்தது. மூன்றாவது நிறுத்தத்தில் கூட்டம் ஏறியது. கையில் பெரிய கூடையோடு ஒரு பெண், முகமெல்லாம் வியர்வை. கைக்குட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஆள் வருதாக்கா?" என்று கேட்டாள்.

நான் கைக்குட்டையை எடுத்துக்கொண்டேன்.

"இல்லம்மா, உக்காரு" என்றேன்.

உன்
அண்ணி